விரிசலுக்கு ஒரு வருஷக் கணக்கு

சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். சாத்தூரைச் சுற்றி, அச்சங்குளம் பக்கம் அந்த நாட்களில் நடந்தால் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்புகளைப் பார்க்கலாம். உள்ளே ஒரு குச்சியை விட்டால் அது பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதே நாட்களில் ஊருக்குள் வீட்டுச் சுவர்களிலும் கீறல்கள் அகலமாகின்றன. ஜன்னல் மூலையில் தொடங்கி, கூரையைப் பார்த்துச் சாய்வாக ஏறும் கீறல். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்து முடித்தபின் பார்த்தால் அதே கீறல் பாதி மூடியிருக்கும்.

வீட்டை மராமத்துப் பார்க்க நினைப்பவர்கள் கொத்தனாரைத் தேடுவதும் பெரும்பாலும் சித்திரையில்தான். கீறல் கண்ணை உறுத்துவது அப்போதுதானே. அவர் வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "ஒண்ணும் பயமில்ல அண்ணாச்சி, கொத்திவிட்டுக் கம்பிவலை வச்சுப் பூசிட்டாச் சரியாப் போகும்" என்கிறார். பூசுகிறார்கள், புட்டி வைத்துப் பெயிண்டும் அடிக்கிறார்கள். வீடு புதுசு போலப் பளபளக்கிறது. அடுத்த சித்திரையில் அதே இடத்தில், புதுப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு அதே கீறல் எட்டிப் பார்க்கிறது. செலவழித்த பணம் போனது போனதுதான்.

இதில் கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு மண்ணில் இருக்கிறது. கரிசலில் நிறைந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் வீடு ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குகிறது. வீடு முழுக்கச் சேர்ந்தாற்போல் ஏறி இறங்கினால்கூடப் பெரிய கெடுதல் இல்லை. குளியலறைத் தண்ணீர் ஓடும் மூலை ஈரமாகவே இருக்கிறது. எதிர் மூலையை வேப்பமரத்து வேர் உறிஞ்சி உலர்த்துகிறது. ஒரு மூலை தூக்க, ஒரு மூலை இறங்க, நடுவில் சுவர் கிழிகிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல விரிந்த அஸ்திவாரத் தூண்களை உருவாக்கித் தந்தது. மண் ஆட்டம் போடும் மேலடுக்கைத் தாண்டி, ஈரம் மாறாத ஆழத்தில் அவை காலூன்றிக்கொள்ளும். ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்றடி ஆழத்துக் கல் அஸ்திவாரத்தில் நிற்பவை. அவற்றை இடித்துவிட்டு மறுபடி கட்டும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? இருக்கிற வீட்டை அறிந்து வேலை செய்வதுதான் வழி.

அதற்கு முதலில் வேண்டியது ஒரு பென்சில். கீறலின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுத வேண்டும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிமெண்ட் பாலைப் பட்டையாகப் பூசி அதிலும் தேதி குறிக்கலாம். பட்டை தெறித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை பார்த்து, சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டரின் பின்பக்கத்திலேயே குறித்து வைத்தால் போதும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் பார்த்த பிறகுதான் அந்தக் கீறலின் குணம் தெரியும். காலத்துக்குக் காலம் திறந்து மூடுவது ஒரு வகை. எந்தக் காலத்திலும் மூடாமல் ஒரே போக்கில் அகலமாகிக்கொண்டே போவது வேறு வகை, அது ஆபத்தானது. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழைக் கீறலுக்கு யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அகலத்தை அளக்கவும் தனிக்கருவி தேவையில்லை. ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். மூன்று நாணயங்களை அடுக்கிக் கீறலுக்குள் நுழைக்க முடிந்தால் கொத்தனாருக்கு முன்னால் கட்டட என்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து போகும் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் மராமத்து வேலையில் பலரும் செய்யும் முதல் தவறு.

திறந்து மூடும் கீறலை இறுகிய சிமெண்ட் கலவையால் அடைத்தால் நிற்காது. சித்திரையில் அடைத்தால், மழையில் மூட வரும் சுவரை அந்த அடைப்பு முட்டித் தள்ளும். கார்த்திகையில் அடைத்தால் கோடையில் பக்கத்திலேயே புதுக்கீறல் விடும். இழுத்தால் நீளும் சீலன்ட் வகைகள் அதற்கென்று கடையில் கிடைக்கின்றன. ஆனால் அடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை சுவரில் இல்லை, வீட்டைச் சுற்றி இருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிச் சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துத் தளம் போட வேண்டும். மழைத் தண்ணீரும் துணி துவைக்கும் தண்ணீரும் அஸ்திவாரத்துப் பக்கம் தேங்காமல் வாய்க்காலுக்குப் போக வேண்டும். கூரைத் தண்ணீர் குழாய் வழியாகத் தள்ளிப் போய் விழ வேண்டும். அடிமண்ணின் ஈரம் ஒரே சீராக இருந்தால் வீட்டின் ஆட்டம் தானாகக் குறையும். இந்தத் தளத்துக்கு ஆகும் செலவு, இரண்டு அறைக்குப் புட்டியும் பெயிண்டும் அடிக்கும் செலவைப் பெரிதாகத் தாண்டாது. வந்து பார்க்கிறவர் கண்ணில் படாத வேலை என்பதால் யாரும் முதலில் செய்வதில்லை.

சுவர் எதனால் கட்டியது என்பது அடுத்த கேள்வி. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியில் ஆர்.ஆர். நகரில், 1960-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. இன்றைக்கு அது ராம்கோ. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படும் மாவட்டம் இது. சிமெண்ட் கைக்கெட்டும் முன்னால் இந்தப் பக்கத்து வீடுகளைக் கட்டியது சுண்ணாம்புக் காரையும் செம்மண்ணும்தான். தாத்தா காலத்து வீட்டுச் சுவரில் ஆணியால் சுரண்டிப் பார்த்தால், வெள்ளையாக மாவு போல உதிர்வது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் இறுகி நிற்பது சிமெண்ட்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் கெட்டியாகச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். இரண்டு மழைக்காலத்துக்குள் அடிச்சுவரில் உப்புப் பூக்கும், பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். "சிமெண்ட் பூசியும் நிக்கலையே" என்று அங்கலாய்ப்பவர்களின் வீட்டில் பல நேரம் சிமெண்ட் பூசியதுதான் காரணம். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். சுண்ணாம்பை ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைக்கும் பழைய கைப்பக்குவம் தெரிந்த வயதான கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். அப்படி ஒருவர் ஊரில் இருந்தால் கொஞ்சம் கூடுதல் கூலி கொடுத்தேனும் அவரை அழைத்து வருவது வீட்டுக்கு நல்லது.

தண்ணீரையும் சோதிக்க வேண்டும். இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு அதிகம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. தாண்டினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் பொருள். அது உள்ளிருந்து நெம்பித்தான் கூரைத்தளத்துக் காரையைப் பெயர்க்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். ஒரு கேன் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைதான்.

கூரைத்தளம் பெயர்வது என்றால் தொகுப்பு வீடுகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிக் கொடுத்த அந்தச் சின்ன வீடுகளில், காரை விழுந்து கம்பி தெரிய, அதன் கீழே பாய் விரித்துத் தூங்கும் குடும்பங்கள் எத்தனையோ. 2024-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. 2001-க்கு முன் கட்டிய வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளைச் சுமார் 2,000 கோடி ரூபாயில் சீர்செய்வது திட்டம். உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்பது எந்தத் தொகுப்பு வீட்டுக்காரருக்கும் முதல் வேலை. கைப்பணத்தைப் போட்டபின் கேட்டால் நேரம் கடந்திருக்கும்.

அப்படிப் பெயர்ந்த கூரைத்தளத்தைப் பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது. தளர்ந்த காரையை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் துரு போகக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கான பாலிமர் கலவையை வைத்துக் கட்ட வேண்டும். கம்பி பாதியாக இளைத்திருந்தால் முட்டுக் கொடுத்துவிட்டு என்ஜினீயரைக் கூப்பிட வேண்டியதுதான். மேலே ஒழுகல் நிற்காமல் கீழே பூசுவதில் அர்த்தமும் இல்லை. மொட்டை மாடியில் தட்டோடு, வாட்டம், தண்ணீர் இறங்கும் துளை மூன்றையும் சரிசெய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடென்றால் இன்னொரு எச்சரிக்கை. பழைய ஷீட்டை உடைத்து இறக்குவதும் கட்டர் மெஷினால் அறுப்பதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளைக் காற்றில் பறக்கவிடும். அவை நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியவை. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு ஆயத்தம் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து 20-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. அந்தத் துயரத்தை நேரில் பார்த்த ஊர்களுக்குத் தீப்பொறியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் மராமத்து நடக்கும் வீட்டில் தீப்பொறி எங்கிருந்தெல்லாம் வரும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டுக்கு வெல்டிங், கம்பிக்குக் கட்டர் மெஷின், டைல்ஸ் அறுக்கும் மெஷின், தற்காலிகமாக இழுத்த வயர் என்று எல்லாமே பொறி பறக்கும் சமாச்சாரங்கள். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசு பரணில் கிடக்கலாம். பட்டாசுக்குக் குழாய் உருட்டும் வேலைக்கு வாங்கிய காகிதக் கட்டு மூலையில் இருக்கலாம். உரிமம் இல்லாமல் மருந்தோ திரியோ வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இவை கிடக்கும் அறைக்குள் வெல்டிங் மெஷின் நுழைந்தால் அது குடும்பத்தையே அழித்துவிடும். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் பரண், கட்டிலடி, மாடிப்படிக்குக் கீழ் எல்லாவற்றையும் வீட்டுக்காரரே காலி செய்து, ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். ஆலை வேலைக்குப் போய்வரும் உடுப்பையும் வேலை நடக்கும் அறையில் மாட்டக் கூடாது.

ஆலைகளுக்கு அருகில் குடியிருப்பவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டின் நான்கு பக்கமும், எல்லா அறைகளையும், தேதி தெரியப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. பின்னாளில் வெடி அதிர்வில் சுவர் விரிசல் விட்டால், எது பழைய கீறல், எது புதியது என்று காட்ட அந்தப் படங்கள்தான் சாட்சி.

மின்சார வேலையைப் பூச்சுக்கு முன் முடிக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனாலும் பூசிய சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கும் காட்சி வீட்டுக்கு வீடு நடக்கிறது. எங்கே ஃபேன், எங்கே மிக்சி, எங்கே மோட்டார் சுவிட்ச் என்று சுவரில் சாக்பீஸால் குறித்த பிறகே எலக்ட்ரீஷியன் கை வைக்கட்டும். 30 மில்லியாம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் போடுவதை மட்டும் எந்தச் செலவுக் குறைப்பிலும் விட்டுவிடக் கூடாது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் குழந்தையைக் காப்பாற்றுவது அதுதான்.

மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் வேலை வேறு தினுசு. அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு குழி தோண்டி அதன் ஆழத்தைக் கண்ணால் பார்க்காமல் மேலே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, அதுவும் கரிசலில். வீட்டைத் தொட்டாற்போல் மின்கம்பி போகிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பிக்கும் சுவருக்கும் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். கம்பி மேலே போனால் 2.5 மீட்டர். அனுமதி வாங்குவது முன்பைவிடச் சுலபம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே பெறும் வசதி 2024 ஜூலையில் வந்துவிட்டது.

இனிப் பணம். 'மொத்தமாக இவ்வளவு' என்று வாயால் பேசி முடிக்கும் காண்ட்ராக்டில்தான் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன. கணக்கு ஒன்றும் கடினமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. இதை அரை அங்குலத் தடிமனில், ஒன்றுக்கு ஐந்து கலவையில் பூச மூன்று மூட்டை சிமெண்டும் பதினாறு, பதினேழு கன அடி மணலும் போதும். சேதாரத்துக்கு இருபது என்றே வைத்துக்கொண்டாலும், நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஒரு அறைக்கு ஒரு யூனிட் மணல் இறக்கச் சொன்னால், மிச்சம் எங்கே போகும் என்று மரியாதையோடு கேட்கலாம். இப்படி அறை அறையாக ஒரு நோட்டில் எழுதி, அதன் கீழே கூலி யாருடையது, பொருள் யாருடையது, குப்பை அள்ளுவது யார் என்று குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். பத்தில் ஒரு பங்கு பணத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். பழைய சுவரைக் கொத்தினால் உள்ளே என்ன இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

வாரச் சம்பளத்தைச் சனிக்கிழமை தவறாமல் கொடுக்க வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் அதை நம்பித்தான் ஞாயிறு சந்தைக்குப் போகிறார்கள். கூரை வேலைக்குப் பேசிய தொகையில் மட்டும் ஒரு சிறு பங்கை முதல் பெருமழை கழிந்து தருவதாக ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு வருபவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்பதும் வீட்டுக்காரரின் கடமைதான். 1994-ல் இருந்து இருக்கும் வாரியம் அது. சாரத்திலிருந்து ஒருவர் தவறி விழுந்தால் அந்தப் பதிவு அட்டைதான் அவர் குடும்பத்துக்குத் துணை.

எப்போது தொடங்குவது? தீபாவளி வரை ஊரே பட்டாசு ஆலைக்குள் இருக்கும். ஆளும் கிடைக்காது, வீட்டில் இருந்து பார்க்க நேரமும் இருக்காது. தீபாவளி முடிந்து போனஸ் கையில் மிஞ்சியிருக்கும் நாட்களும் மழையும் ஒன்றாக வருகின்றன. அந்த மழையில் எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் அளவெடுத்து, விலை விசாரித்து, தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினால் பங்குனி வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். வெயில் உச்சத்தில் பூசிய சுவரும் போட்ட தளமும் தண்ணீர் இழந்து வெடிக்கும். இன்று கடையில் அதிகம் விற்பது மூட்டையில் பி.பி.சி. என்று போட்ட கலப்புச் சிமெண்ட். வறண்ட, வெப்பமான இடத்தில் அதில் போட்ட கான்கிரீட்டுக்குப் பதினான்கு நாள் தண்ணீர் விட வேண்டும். நம் ஊரில் நான்காம் நாளே குழாயை மூடிவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் முதல் தண்ணீருக்கு லாரி சொல்ல வேண்டியிருந்தால், அதையும் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

வருகிற சித்திரையில் கொத்தனாருக்குப் போன் போடும் முன் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கீறலின் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் மறுபடி அதே இடத்தில் நின்று பாருங்கள். அந்த இரண்டு தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, தை மாதம் அவரைக் கூப்பிடுங்கள்.